மிளகுக் காட்டில் ஹேமரேகா

வார இதழ் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

கொல்லிமலை ஆலத்தூர் நாட்டு மிளகு விவசாயி மாரப்பன் வணக்கத்துடன் எழுதுவது. நானும் மனைவி பொன்னாயியும் மாடுகளும் நலம். தங்கள் அலுவலகத்தில் அனைவரும் அவ்வாறே இருக்க வேண்டும்.

சென்ற வாரம் நடிகை ஹேமரேகாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பதினாறு வயதில் நடிக்க வந்தவர், இருபது வருடம் கொடிகட்டிப் பறந்தவர், விருதுகள் வாங்கியவர், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் சினிமாவை விட்டுவிட்டு வெளிநாடு போய்விட்டார் என்று முடித்திருந்தீர்கள். தவறு ஐயா. எங்கள் ஊட்டுப் பின்கட்டில் குடியிருக்கிறார்.

போன மாதம் ஒரு பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். பெயர் கேட்டால் சிரித்தார். மறுநாள் விடியலில் மூடுபனிக்குள், மிளகுக் கொடிகளுக்கு நடுவே நடந்து போனார். நான் மிளகு பறிக்க ஏணிமேல் நின்றிருந்தேன். அந்த நடை! தோள் அசையாமல், தண்ணீர்மேல் இலை போகிற மாதிரி. நாமக்கல் தியேட்டரில் எத்தனை முறை பார்த்திருப்பேன்! பனி அவரை மூடியது, திறந்தது, மறுபடி மூடியது. முகம் கொஞ்சம் வேறுதான்; வயதானால் யாருக்குத்தான் மாறாது? ஏணியில் இருப்பதையே மறந்து அவர் பின்னால் ஓர் எட்டு எடுத்து வைத்தேன்.

இடுப்பில் பத்துப் போட்டுப் படுத்துக்கொண்டு பொன்னாயியிடம் சொன்னேன், அவள் எட்டிப் பார்க்கப் போனதில் அடுப்பிலிருந்த மரவள்ளிக் கிழங்கு கரிஞ்சுபோச்சு, அவள் பக்கத்து வீட்டுப் பானுமதியிடம் மட்டும் சொன்னாள், பானுமதி பஸ் கண்டக்டரிடம் மட்டும் சொன்னாள், அவ்வளவுதான், தள்ளியிருக்கிற எடப்புளி நாட்டு ஊர்களிலிருந்துகூட ஜீப்புல வந்துட்டாங்க, இன்னைக்குச் சாயங்காலம் பாராட்டு விழாவாம், பந்தலும் போட்டாச்சு. அந்தம்மாவோ, "ஏனுங்க, சும்மா நாலு மாசம் இருக்கலாம்னு வந்தேனுங்க" என்று கண் கலங்குகிறார். ஆனந்தக் கண்ணீராகத்தான் இருக்கும்.

ஆகவே அடுத்த இதழில் திருத்தம் போடவும்.

தாங்களும் தங்கள் இதழும் எங்கள் மிளகைப்போல் காரம் குறையாமல் இருக்க எட்டுக்கை அம்மனை வேண்டும்,
மாரப்பன்.

பி.கு.: ஒட்டுவதற்கு முன் அவரிடம் இதைப் படித்துக் காட்டினேன். அவர் மலையைப் பார்த்தபடியே சொன்னார்:

"நான் ஹேமரேகா இல்லீங்க. எம்பேரு பாப்பாத்தி. அவங்களுக்கு டூப்பு. தூரத்துல நடக்கறது, குதிரையில போறது, அருவியில குதிக்கறதெல்லாம் நானு. மொகம் திரும்பினா அவங்க."

போட்ட பந்தலை எப்படிப் பிரிப்பது என்று நான் யோசித்தேன். பொன்னாயியோ, "அருவியில குதிச்சது நெசமா நீங்கதானுங்களா?" என்றாள்.

"ஆமாங்க. காலு ஒடிஞ்சும் மறுக்கா குதிச்சேன்."

"அப்ப வாங்க, நேரமாச்சு" என்று கையைப் பிடித்து அழைத்துப் போய்விட்டாள்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். ஹேமரேகா எங்கே என்று எனக்குத் தெரியாது. பந்தலில் பாப்பாத்தி தன் பெயரைத் தானே சொன்னார், அருவியில் குதித்தது தான்தான் என்பதையும். பிறகு எழுந்த கைதட்டலுக்கு அவர் கும்பிடக்கூட இல்லை. கூட்டத்துக்கு முகத்தைக் காட்டியபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார்.