பக்கத்து நாற்காலி நிபுணர்

மனிதரில் பக்கத்து நாற்காலி நிபுணர் என்றோர் இனம் உண்டு. மென்பொருள் அலுவலகங்களில் இது செழித்து வளர்கிறது. ஒரே கணினி, ஒரே கீபோர்டு, இரண்டு நாற்காலி. ஒருவர் புரோகிராம் எழுத, இன்னொருவர் கூடவே பார்த்துத் தவறைப் பிடிக்க, கொஞ்ச நேரத்தில் இருவரும் இடம் மாறிக்கொள்ள வேண்டும் என்பது இந்த ஜோடி வேலையின் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றவர் கண்ணில் படும், புதியவர் சீக்கிரம் தொழில் கற்பார், வேலை நேரத்தில் யாரும் இணையத்தில் செருப்புத் தேட முடியாது.

நம் நிபுணர் இடம் மட்டும் மாறமாட்டார். "நீங்க அடிங்கம்மா, நான் யோசிக்கிறேன்" என்பார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, காபிக் கோப்பையைச் சரியாக மவுஸ் நகரும் இடத்தில் வைத்து, பிஸ்கட் தின்ற விரலைத் திரையில் பதித்து, "இங்க ஒரு இடம் விடுங்க" என்று தொடங்குவார். அவர் யோசித்ததை யார் பார்த்தது?

எங்கள் அலுவலகத்தில் அவரிடம் மாட்டியவள் ஒரு புதுப் பெண். அந்த வாரம்தான் அவளை வேலையில் நிரந்தரமாக்குவதாக இருந்தது. அன்று அவள் சோதனைக்காகப் போட்டுவைத்த பொய்க் கணக்குகளை அழிக்க உட்கார்ந்தாள்.

"சார், இது டெஸ்ட் சர்வர்தானே? ஒரு தடவை பாத்துடுங்களேன்."

"அது கிடக்கட்டும்மா. ஃபைலுக்கு வச்ச பேரு நல்லாவே இல்லையே. முதல்ல அத மாத்துங்க."

மாற்றினாள். என்டர் தட்டினாள். அது டெஸ்ட் சர்வர் இல்லை, நிஜ சர்வர். வாடிக்கையாளர் கணக்குகள் அத்தனையும் போயின. நல்ல பெயரோடு போயின.

மேனேஜர் ஓடி வந்தார். "ரெண்டு பேரு உக்காந்திருந்துமா இப்படி?"

"கீபோர்டு அவங்க கையில இருந்துச்சு சார்."

அவள் அழுதுகொண்டே பேக்கப்பாக எடுத்துவைத்திருந்த பிரதியைத் தேடிப் பிடித்து எல்லாவற்றையும் மீட்டதும், அதே வாய், "நாங்க ரெண்டு பேரும் சேந்து சரி பண்ணிட்டோம் சார்" என்றது. அவளுக்கு வேலை நிரந்தரமாகவில்லை. இன்னும் கொஞ்ச காலம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு வயிறெரிந்தது. மேனேஜருக்கும் உறுத்தியிருக்க வேண்டும். மறுநாள் கீபோர்டை நிபுணர் முன்னால் தள்ளி, அவளைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

நிபுணர் வியர்க்க விறுவிறுக்க முதல் வரியை அடித்தார். அவள் பழி வாங்கப் போகிறாள் என்று நான் ஆசையாகப் பார்த்திருந்தேன். அவளோ சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். மெல்ல விரல் நீண்டு திரையில் பதிந்தது.

"அந்தப் பேரு நல்லாவே இல்லையே சார்."

ஆகவே கோளாறு நாற்காலியில் இருக்கிறது. ஒரு விஷயம்: எழுதியவன் நான், நீங்கள் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தது என் பக்கத்து நாற்காலியில். தலைப்பை வேறு மாதிரி வைத்திருக்கலாம் என்றுதானே யோசிக்கிறீர்கள்?

விரலை எடுங்கள்.