கைக்கடிகாரம் ஓடிய தூரம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு வயது நாற்பத்தேழு. அவரை "பெரியவரே" என்று கூப்பிட்டவருக்கு வயது அறுபத்தொன்று. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பவர் வைத்த நீச்சல் கண்ணாடி வேண்டுமென்று கடைக்கு வந்தவர் அவர். "எதுக்கு சார் இந்த வயசுல?" என்று கடைக்காரர் வாயை விட்டார்.

"டிரையத்லான் போறேன். ரெண்டு கிலோமீட்டர் நீச்சல், தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், இருபத்தொண்ணு ஓட்டம். நீங்க உக்காருங்க பெரியவரே, உங்களுக்கு மூச்சு வாங்குது."

கடைக்காரர் மேல் தட்டிலிருந்து ஒரு கண்ணாடிப் பெட்டியை எடுத்திருந்தார். அவ்வளவுதான் செய்திருந்தார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்த கடைக்காரர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நான் டிரையத்லான் போகப்போறேன்!" என்று கூடத்தின் நடுவில் நின்று முழங்கினார்.

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடைத்தாள் கட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார். "தண்ணியில நீந்தறதுக்கு எதுக்கு டிரைன்னு பேரு?"

"கிண்டலா? பாரு, இனி ஞாயித்துக்கிழமை பூரா எனக்குப் பயிற்சி."

"ஒட்டடை அடிக்கிறது?"

"வீரனை ஒட்டடைக்குக் கூப்பிடாதே!"

சைக்கிள் வந்தது. காலணி வந்தது. போகிற தூரத்தையெல்லாம் அளந்து டீச்சரின் போனுக்கு அனுப்பும் கைக்கடிகாரமும் வந்தது. அதை வாங்கியதுதான் அவர் செய்த பெரிய தப்பு.

முதல் ஞாயிறு உண்மையாகவே நீச்சல் குளத்தில் குதித்தார். பாதி தூரம் நீந்தினார், மீதித் தூரத்தைக் குடித்தார். சைக்கிளில் ஏறினார். நாலாவது கிலோமீட்டரில் தொடை இரண்டும் வேலைநிறுத்தம் செய்தன. அவர் இறங்கிய இடத்துக்கு எதிரே நண்பரான தையல்காரரின் கடை. உள்ளே மின்விசிறி சுற்றியது, கேரம் பலகை காத்திருந்தது. கால்கள் தாமாகவே உள்ளே போயின.

அடுத்த ஞாயிறு நேராகத் தையல் கடைக்கே போனார். பதினோரு மணிவாக்கில் சைக்கிளில் பார்சல் கொடுக்க வந்தார் கூரியர்காரர். ஒல்லி ஆள், பெரிய மீசை.

"தம்பி, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் மிதிப்பீங்க?"

"ஐம்பதுக்குக் குறையாது சார்."

கண்ணாடிக் கடைக்காரர் தன் கடிகாரத்தைக் கழற்றி அவர் கையில் கட்டினார். "நேரம் பார்க்க வச்சுக்குங்க. சாயங்காலம் குடுத்தா போதும்."

கடிகாரம் ஊர் முழுக்க ஓடியது. அவர் கேரம் ஆடினார். மாலையில் கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டு, குழாயடியில் தலையை நனைத்து, தள்ளாடியபடி வீட்டுக்கு வந்தார்.

"ஐம்பத்திரண்டு கிலோமீட்டரா!" டீச்சர் போனைப் பார்த்து வியந்தார். "நீச்சல் மட்டும் காணோமே?"

"தண்ணிக்குள்ள சிக்னல் கிடையாது."

"சரி, வழியில அறுபத்திமூணு இடத்துல நின்னிருக்கீங்க?"

"மூச்சு வாங்க வேண்டாமா?"

"பாவம்" என்று டீச்சர் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். காலுக்குத் தைலம் தடவினார். அந்தத் தைலத்தில் கடைக்காரரின் மனசாட்சியும் வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

இப்படியே ஆறு ஞாயிறு. ஏழாவது ஞாயிறு மாலை டீச்சர் மெதுவாகக் கேட்டார். "இன்னைக்குப் பதினொண்ணு பத்துக்கு நம்ம வீட்டு வாசல்ல ஒரு நிமிஷம் நின்னிருக்கீங்க. உள்ள வரலையே, ஏன்?"

கடைக்காரர் கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளினார். "உன் முகத்தைப் பார்த்தா அங்கேயே உக்காந்துடுவேன்னு பயந்துதான்..."

"அப்படியா" என்றார் டீச்சர். அந்த 'அப்படியா'வுக்குப் பின்னால் கேள்விக்குறி இல்லை. கடைக்காரர் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஒரு சீட்டு அவர் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. "டிரையத்லானுக்கு உங்க பேரைப் பதிஞ்சுட்டேன். இன்னும் ஆறு வாரம்."

"மூணுமா?" கடைக்காரர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"பயப்படாதீங்க. குழுவா சேர்ந்து பண்ணலாமாம், ஆளுக்கு ஒண்ணு. உங்களுக்கு ஓட்டம்."

"மத்த ரெண்டு பேர்?"

"எனக்குத் தெரிஞ்சவங்க. நல்ல ஆளுங்க."

கடைக்காரர் கூரியர்காரரைத் தேடி ஓடினார். அவர் நிஜமாக ஓடியது அதுதான் முதல் தடவை. "தம்பி, என் பேர்ல நீங்க ஓடிடுங்க!"

"மன்னிக்கணும் சார். அன்னைக்கு வேற ஒரு குழுவுக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

வேறு வழி? விடியற்காலையில் எழுந்தார். முதல் வாரம் நடந்தார், இரண்டாம் வாரம் நடையா ஓட்டமா என்று சொல்ல முடியாதபடி போனார், நாலாம் வாரம் தெருநாய்கள் குரைப்பதை நிறுத்திவிட்டு மரியாதையாகப் பார்த்தன. வயிறு ஒரு பெல்ட் துளை உள்ளே போனது. கேரம் பலகை மறந்தே போனது.

போட்டி நாள். ஏரிக்கரையில் குழு நண்பர்களைத் தேடினார். நீச்சல் உடையும் மஞ்சள் தொப்பியுமாக ஓர் அம்மையார் கையாட்டினார். கண்ணைக் கசக்கிப் பார்த்தார். டீச்சர்!

"நீ... நீந்துவியா?"

"நீங்க பயிற்சிக்குப் போன ஞாயிறெல்லாம் வீட்டுல தனியா என்ன பண்றது? குளத்துக்குப் போனேன். நீங்க அங்க வரமாட்டீங்கன்னுதான் தெரியுமே."

பக்கத்தில் மீசை தெரிந்தது. கூரியர்காரர் சைக்கிளைப் பிடித்தபடி நெளிந்தார். "மன்னிச்சுக்குங்க சார். டீச்சருக்குப் பார்சல் குடுக்கப் போனேன். கையெழுத்து போடும்போது வாட்சைப் பார்த்துட்டாங்க."

கடைக்காரர் பதில் சொல்வதற்குள் ஊதல் ஒலித்தது. டீச்சர் தண்ணீருக்குள் பாய்ந்தார். ஐம்பது நிமிடத்தில் கரையேறினார். கூரியர்காரர் தொண்ணூறு கிலோமீட்டரையும் பார்சல் எதுவும் இல்லாத சந்தோஷத்தில் பறந்து முடித்தார். பிறகு கடைக்காரரின் முறை. அவர் ஓடினார், நடந்தார், ஒரு தூணைக் கட்டிப்பிடித்து நின்றார், மறுபடி ஓடினார். கடைசி ஆளாக எல்லைக்கோட்டைத் தாண்டியபோது டீச்சர் கைதட்டிக்கொண்டே ஓடி வந்தார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

"இது உங்க கால்தான் ஓடினது" என்றார். கடைக்காரருக்கு நெஞ்சு விம்மியது. உடனே வாயும் திறந்தது.

"அடுத்த வருஷம் பாரு! மூணையும் நான் ஒருத்தனே பண்றேன்!"

"அப்படியா" என்றார் டீச்சர்.

அடுத்த ஞாயிறு அவர் கண்விழித்தபோது டீச்சர் காலணி மாட்டிக்கொண்டிருந்தார். தோளில் நீச்சல் பை. வாசலில் கடைக்காரரின் சைக்கிள், இருக்கை கொஞ்சம் இறக்கப்பட்டு.

"அடுத்த வருஷம் மூணும் தனியா பண்றவங்க பட்டியல்ல ஒரு இடம்தான் பாக்கி இருந்தது. நான் பதிஞ்சுக்கிட்டேன். மதியத்துக்கு மூணு பேருக்குச் சமைச்சு வைங்க."

"மூணு பேரா? கூரியர்காரரும் வராரா?"

"அவரு எதுக்கு? நீந்தி, மிதிச்சு, ஓடிட்டு வர்றவளுக்கு ரெண்டு ஆள் சாப்பாடு வேண்டாமா?"