உப்பரிகையின் கீழ் நிற்பவர் யார்

மாடநாட்டில் உப்பரிகைத் திறப்பன்று அங்கே இருந்தவர்கள்: மன்னர் எழிலாதித்தர், தலைமை அமைச்சர் வாகீசர், பட்டத்து யானை, கம்பி கட்டும் குடியின் தலைவி உமையம்மை, அவள் குடும்பத்தார் ஒன்பது பேர், கயிற்றுக்கு அப்பால் குடிமக்கள்.

அந்நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. சுவரிலிருந்து நீளும் உப்பரிகையைத் தாங்கும் அடிமுட்டுகளை எடுக்கும்போது, கம்பி கட்டிய குடும்பம் அதன் கீழே நிற்க வேண்டும். உமையம்மையின் குடும்பம் ஏழு தலைமுறையாக நின்றது. ஒருவரும் அண்ணாந்துகூடப் பார்த்ததில்லை.

புதிய மன்னர் எழிலாதித்தர் பழைய மன்னரின் அரண்மனையை இடித்தார். அந்த இடிபாட்டை உடைத்த ஜல்லியிலேயே புது அரண்மனையின் சுவருக்கும் உப்பரிகைக்கும் கான்கிரீட் போடச் சொன்னார். உமையம்மைக்கு அதில் மறுப்பில்லை. பழைய காரை ஒட்டிய கல்தான். ஆனாலும் மேலே வரிவரியாக மேடுள்ள கம்பியைக் கொடுத்தால் இறுகப் பிடிக்கும் என்பது அவள் கண்ட உண்மை.

அமைச்சருக்குத்தான் கல்மீது சந்தேகம். சுமக்கும் ஒவ்வொரு கூடைக்கும் கல்லின் சார்பில் விசுவாச உறுதிமொழி சொல்ல வேண்டும் என்றார். வேலை இரட்டித்தது, கூலி அப்படியே நின்றது. பிறகு, மேடுபள்ளம் இல்லாத ஆட்சியில் கம்பிக்கு மட்டும் மேடு எதற்கு என்று வரிகளைத் தேய்த்தெடுக்கச் செய்தார். கடைசியாக, கம்பி பளபளக்க வேண்டுமென்று வீட்டுக்கு ஒரு படி எண்ணெய் பறித்தார். ஊரில் தாளிக்கும் ஓசையே நின்றுபோயிற்று.

உமையம்மை அந்தக் கம்பியைத் தொட மறுத்தாள். காவலர்களே பன்னிரண்டு கம்பிகளைச் சுவருக்குள் ஊன்றிக் கட்டி, கான்கிரீட் போட்டார்கள்.

"போய் நில்லும்மா, நல்ல நேரம் போகுது," என்றார் வாகீசர் திறப்பன்று. "நிக்கலைன்னா ஏழு தலைமுறைப் பேரு என்னாகும்?"

ஒன்பது பேரும் அவளைப் பார்த்தார்கள். நின்றால் உயிர் போகும். நிற்காவிட்டால் மானம் போகும்.

"ரெண்டு கான்கிரீட் கட்டி வார்த்துக் கொண்டாந்து மரத்துல பிணைச்சிருக்கேங்க," என்றாள் உமையம்மை. " ரெண்டும் இதே ஜல்லிதான். ஒண்ணுல எங்க கம்பி, ஒண்ணுல உங்க கம்பி. யானைய விட்டு இழுக்கச் சொல்லுங்க."

யானை இழுத்தது. எண்ணெய்க் கம்பி சேற்றில் ஊன்றிய குச்சிபோல் வந்துவிட்டது. வரியுள்ள கம்பியை இழுத்தபோது யானையின் முழங்கால் மடங்கியது; கம்பி அசையவில்லை.

வாகீசர் சற்று யோசித்தார். "இது பழைய மன்னர் வளர்த்த யானை. இதன் சாட்சியம் செல்லாது."

"அப்ப நீங்க நில்லுங்கய்யா. கட்டினவங்கதானே நிக்கணும்? எங்க கம்பிக்கு அடியில பேத்தியத் தூக்கிக்கிட்டு நிப்பேன். இதுக்கடியில எங்க வீட்டு நாய்கூட நிக்காது."

மன்னர் முதன்முறையாக வாய் திறந்தார். "நில்லும், வாகீசரே."

வாகீசர் உப்பரிகையின் நிழல் விளிம்புவரை போனார். அங்கேயே நின்று, அவ்வழக்கம் மூடநம்பிக்கை என அறிவித்து ரத்து செய்தார். பிறகு விலகி வந்து, முட்டுகளைத் தூரத்திலிருந்து கயிறு கட்டி இழுக்கச் சொன்னார்.

உமையம்மை குடும்பத்தோடு சென்று கூட்டத்தின் முன்வரிசையைப் பின்னே தள்ளினாள். "இன்னும் தள்ளுங்க. இன்னும்."

கடைசி முட்டு விழுந்தது. கூடவே உப்பரிகையும். அடியில் ஒருவரும் இல்லை.

பழைய கற்கள் துரோகம் செய்தன என்று அரண்மனையில் கிளம்பிய பேச்சு இன்றும் உலவுகிறது. அது பொய். சுவரில் ஒரு கல்கூடப் பெயரவில்லை. பன்னிரண்டு துளைகள் இருக்கின்றன. விரலை விட்டுப் பார்த்தால் எண்ணெய் ஒட்டும்.