பஞ்சப் படத்தில் பப்ஸ்

ஆவணப்படத்துக்கு இடைவேளை விட்டவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவரோடு வேலை பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்கிறது.

பெங்களூரில் எங்கள் மியூசியத்தில், வெள்ளைக்காரன் ஆட்சியில் ஜனங்கள் பட்ட பாட்டையும் மீண்டு வந்த கதையையும் சொல்லும் படங்களை ஞாயிறுதோறும் போட்டோம். படம் ஓட்ட வந்தவர் லிங்கராஜபுரத்துக்காரர். மூடிப்போன ஒரு டாக்கீஸில் முப்பது வருஷம் ஆப்பரேட்டராக இருந்தவர். இடைவேளை இல்லாததைப் படம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். முதல் வாரமே அவருக்கு 'இன்டர்வல்' என்று பெயர் விழுந்துவிட்டது.

அன்று, நீலச் சாயத்துக்காக ஜனங்களை வதைத்த அவுரித் தோட்டத்துப் படம். திரையில் துரை சாட்டையை ஓங்கினான். பளிச்சென்று ஹாலில் விளக்கு எரிந்தது. மியூசியத்தை நடத்தும் எங்கள் மேடம் ஓடி வந்தார்.

"யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?"

"சாட்டைய ஓங்கிட்டான் மேடம். இதுல வுடலன்னா வேற எதுல இன்டர்வல் வுடறது?"

அடுத்த வாரம் பஞ்சத்தைப் பற்றிய படம். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த கூட்டத்தின் நடுவே படத்தை நிறுத்திவிட்டு, சுடச்சுட எக் பப்ஸ் தட்டோடு வந்து நின்றார் இன்டர்வல். சிறப்பு விருந்தினராக வந்திருந்த பேராசிரியர் மிரண்டுபோனார்.

"பஞ்சத்தைப் பாத்தா பசிக்கும் சார். கூச்சப்படாம எடுங்க."

பேராசிரியர் இரண்டு எடுத்துக்கொண்டார்.

மேடம் கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ நிறுத்துனீங்கன்னா உங்களுக்கு இங்க வேலை இல்ல." படம் ஓட்டாமல் இருக்க அந்த மனிதருக்குத் தெரியாது. பயந்துபோய்த் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

அதற்கடுத்தது கோலார் தங்கச் சுரங்கப் படம். திரையில் ஆட்களோடு கூண்டு பாதாளத்துக்கு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் விபத்துச் சங்கு ஊதியது. முன்வரிசையில், சந்தாபுராவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார். நான் பக்கத்திலிருந்த இன்டர்வலைப் பார்த்தேன். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"அழறவங்க மூஞ்சி கழுவ டைம் வேணாமா சார்? தியேட்டர்ல அதுக்குத்தான வுடுவோம்," என்றார். "இன்னா பண்றது, சத்தியம் பண்ணிட்டேன்."

நான் சத்தியம் எதுவும் செய்யவில்லை. எட்டிப் படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டேன்.

பெரியவர் முகம் கழுவிவிட்டு வந்தார். "எங்க தாத்தா அந்தக் கூண்டுலதான் எறங்குனாரு. திரும்பி வரல," என்றார். பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். "எங்கப்பா வந்தாருங்க, ஒத்தக் கையோட. அந்தக் கையாலயே எங்க அஞ்சு பேரையும் வளத்தாரு." அதற்கப்புறம் ஹால் முழுக்கப் பேச்சுதான்.

வாசலில் மேடம் வந்து நின்றார். "லைட் போட்டது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் இன்டர்வல் எழுந்துவிட்டார். "நான்தான் மேடம்."

மேடம் அவரைப் பார்த்தார். பேசிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். "எவ்ளோ நேரம் இன்டர்வல்?"

"அவங்க பேசி முடிக்கட்டும் மேடம்."

இப்போது எங்கள் அழைப்பிதழிலேயே 'இடைவேளை உண்டு' என்று அச்சடிக்கிறோம். விளக்கைப் போட்டது யார் என்று மேடத்துக்கு இன்றுவரை தெரியாது. அந்த ஒரு பொய்க்காகவே இன்டர்வலை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.