பூட்டிய பெட்டி

பாலம் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் வெண்டெலுக்கு இடுப்பில் உறுத்தியது. சட்டைக்கு அடியில் துப்பாக்கி. பாலத்துக்கு அந்தப் பக்கம் இல்லினாய்.

சவ வண்டியைப் பெட்ரோல் பங்கில் ஒதுக்கினார். காலையில் பிடித்த மழை விட்டபாடில்லை. பின்னால் வந்த காரில் இறந்தவரின் மனைவி ஒலீட்டாவும் பாஸ்டர் ஹாலிஸும் இருந்தார்கள். சவப்பெட்டிக்குள் வெர்லின். வெண்டெலோடு ஞாயிறு தவறாமல் மீன் பிடித்தவர். இனி ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வதென்றே வெண்டெலுக்குத் தெரியவில்லை.

இந்தப் பக்கத்துக் கென்டக்கியில் துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொள்ளப் பெர்மிட் கொடுக்கத் தொடங்கிய புதிதில் பல மாநிலங்களில் அது வெறும் அட்டை. பிறகு ஒவ்வொன்றாக, உன் பெர்மிட் எங்களுக்கும் செல்லும் என்று இறங்கி வந்தன. இல்லினாய் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டே நின்றது. சொந்த ஜனங்களுக்கே பெர்மிட் தராத மாநிலம் அடுத்தவனுடையதை எங்கே மதிக்கும்? பிடித்தால் ஜெயில். வேலையும் போகும்.

கடைக்குள் போனார். "இதைக் கொஞ்சம் வச்சிருங்க, சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்" என்று துப்பாக்கியை மேஜைமேல் வைத்தார்.

கடைக்காரர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "கல்லா திறந்துதான் இருக்கு. எடுத்துக்குங்க சார், சுட்டுடாதீங்க!"

"ஐயோ, நான் சவ வண்டி டிரைவர்ங்க!"

"அதுக்குள்ள வண்டியும் கொண்டுவந்துட்டீங்களா?"

வெண்டெல் வெளியே ஓடிவந்து மனைவி டார்லாவுக்குப் போன் போட்டார்.

"தோட்டாவைக் கழட்டிட்டு, பூட்டின பெட்டிக்குள்ள வைங்க. கைக்கு எட்டக் கூடாது. அதான் சட்டம்."

"இந்த வண்டில பூட்டின பெட்டிக்கு நான் எங்க போவேன்?"

கேட்ட பிறகுதான் வண்டியில் இருக்கும் ஒரே பெட்டி எது என்று இருவருக்கும் உறைத்தது. "வேண்டாங்க" என்றாள் டார்லா, "பாவம், வெர்லின்."

வேறு வழியில்லை. பின்கதவைத் திறந்து, பெட்டியின் மூடியைத் தூக்கி, வெர்லினின் கால்மாட்டில் துணிக்கு அடியில் செருகினார். "மன்னிச்சுக்கடா" என்றார். நிஜமாகவே கண் கலங்கியது.

திரும்பினால் ஒலீட்டா நிற்கிறாள். "மூடாதீங்க வெண்டெல். அவரோட ஒரு நிமிஷம் தனியா இருக்கணும்."

வெண்டெலுக்கு உயிரே போய்விட்டது. மறுக்கவும் முடியாமல் மழையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவள் மூக்கை உறிஞ்சியபடி வெளியே வந்ததும் பாஸ்டர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "நானும் ஒரு ஜெபம் பண்ணிடறேன்" என்று உள்ளே போனார்.

ஒருவரும் எதையும் பார்க்கவில்லை. பெட்டியைப் பூட்டிவிட்டுப் பாலத்தைக் கடக்கும்போது வெண்டெல் மனசுக்குள் தன்னையே காறித் துப்பிக்கொண்டார். அவர்கள் அழுகிறார்கள், ஜெபம் பண்ணுகிறார்கள். சிநேகிதனின் பிணத்தை அலமாரியாக்கியவன் தான் ஒருவன்தான்.

இல்லினாயில் இறங்கியதும் ஒலீட்டா பெட்டியை விட்டு நகரவில்லை. பாஸ்டரும் நகரவில்லை. குழி தயாராக இருந்தது. வேறு வழியின்றி, அடக்கத்துக்கு ஏற்பாடு செய்யும் பெண்ணிடம் காதோடு உண்மையைச் சொன்னார். அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். "முகத்தைச் சரி பண்ணணும், எல்லாரும் வெளியே இருங்க" என்று கதவைச் சாத்தினாள்.

சற்று நேரத்தில் கதவு ஒரு விரற்கடை திறந்தது.

"ஐயா, மூணு இருக்கு. உங்களோடது எது?"