மாப்பிள்ளைத் தொட்டிக்கு அஜீரணம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் நலம். பல் பிடுங்கிய இடமும் நலம். கொஞ்ச நாள் மாற்றத்துக்காக நீ அனுப்பி வைத்த உன் கணவர், என் மதிப்புக்குரிய மாமா, எங்கள் எல்லாரையும்விட நலம். அதனால்தான் சொல்கிறேன், வருகிற ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து அவரை அழைத்துக்கொண்டு போ.

கோபப்படாமல் கேள். எங்கள் ஐஸ்கிரீம் தொழிற்சாலையில் இயந்திரம் கழுவிய தண்ணீர், பாலும் சர்க்கரையுமாக, பின்பக்கம் ஒரு பெரிய மூடிய தொட்டிக்குப் போகும். காற்றே படாமல் உள்ளே வாழும் கிருமிகள் அதைத் தின்று எரிவாயு விடும், அதில்தான் கேன்டீன் அடுப்பு எரிகிறது. தொட்டியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதற்கு நாங்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. கதகதப்பாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும், சாப்பாடு மாறினால் முகம் கோணும், கோபித்துக்கொண்டால் சமாதானம் செய்வதற்குள் நமக்கு நாக்குத் தள்ளிவிடும். முதலாளியம்மாவுக்கு இதன்மேல் நம்பிக்கையே கிடையாது. "அடுத்த தடவை நான் வர்றப்ப அடுப்பு எரியலைன்னா தொட்டியை மூடிடுங்க, இவரைப் பழையபடி குளிர் அறைக்கே அனுப்பிடுங்க" என்று என்னைக் காட்டி மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். குளிர் அறை என்றாலே என் முழங்கால் அழும், உனக்குத் தெரியாததா?

இந்த நேரம் பார்த்து எனக்குப் பல்வலி. மாமா சும்மாதானே இருக்கிறார் என்று மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு, தொட்டிக்குக் காவலாக அவரை உட்கார வைத்தேன். "மாமா, எதையும் தொடாதீங்க. தண்ணி தானா சொட்டுச் சொட்டா போகும். மீட்டர்ல முள்ளு பச்சைக் கோட்டுல நிக்குதான்னு மட்டும் பாருங்க" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனேன். ஆனால் விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் ஆயுள் முழுக்க "இன்னும் கொஞ்சம் போட்டுக்கப்பா" என்று சொல்லியே ஓய்வு பெற்ற மனிதரல்லவா! அன்றைக்கென்று குளிர் அறை மெஷின் படுத்துவிட்டது. உருகின ஐஸ்கிரீமை எங்கே கொட்டுவது என்று சுமை தூக்குகிறவர் கேட்க, மாமா தொட்டியைத் தட்டிப் பார்த்து, "பாவம்ப்பா, காலையிலேர்ந்து வெறும் கழுவின தண்ணியைக் குடிச்சிட்டிருக்கு. இதுலயே ஊத்து, ஒரு நாளாவது வயிறாரச் சாப்பிடட்டும்" என்று அத்தனையையும் ஊற்ற வைத்துவிட்டார்.

வீங்கின கன்னத்தோடு நான் திரும்பி வந்தால் ஓரக் குழாய் வழியாக நுரை பொங்குகிறது. சமையல்காரம்மா கரண்டியும் கையுமாக ஓடி வந்து, "அடுப்பு விக்கி விக்கி எரிஞ்சுது, இப்ப அணைஞ்சே போச்சு" என்கிறார். விஷயம் இதுதான் அக்கா. உள்ளே இரண்டு கூட்டம். ஒன்று சாப்பாட்டைப் புளிக்க வைக்கும், மற்றது அந்தப் புளிப்பைத் தின்று வாயு விடும். முதல் கூட்டம் பந்திக்கு முந்துகிற ரகம், இரண்டாவது மென்று தின்கிற ரகம். இவ்வளவு இனிப்பைக் கண்டதும் முதல் கூட்டம் வெளுத்துக் கட்டிவிட்டது, தொட்டியெல்லாம் ஒரே புளிப்பு, இரண்டாவது கூட்டம் சுருண்டு படுத்துவிட்டது. என் வாயில் பஞ்சு இருந்ததால் மாமா தப்பித்தார்.

அப்புறம் வைத்தியம். சாப்பாட்டை நிறுத்தி, புளிப்பு முறியச் சோடா உப்பு கரைத்து விட்டோம். தொட்டி பட்டினி என்று தெரிந்ததும் மாமாவும் தட்டைத் தள்ளிவிட்டார். "என்னாலதான் அதுக்கு இந்தக் கதி. அது பட்டினி கிடக்க நான் எப்படிடா சாப்பிடறது?" என் மனைவி கெஞ்சி, மிரட்டிய பிறகு, கடைசியில் மாமா ரொட்டித் துண்டுக்கு இறங்கி வந்தார். தினமும் தொட்டியோரம் நாற்காலி போட்டுக்கொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "இன்னிக்குக் கொஞ்சம் தேவலை" என்று தகவல் வேறு! தொட்டி தேறத் தேற, கழுவின தண்ணீரை வாளியில் அளந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். முதலாளியம்மா கேன்டீனுக்குள் நுழையும்போது சமையல்காரம்மா தீக்குச்சி கிழித்துக்கொண்டே இருக்கிறார், நான் முழங்காலைத் தடவிக்கொண்டே நிற்கிறேன். குப்பென்று நீலமாகப் பிடித்தது பார்! டீயைக் குடித்துவிட்டு "பரவாயில்லையே" என்றார் அம்மா. எனக்கு அது போதும்.

எல்லாம் சுபம். ஆனால் மாமா இன்னமும் அளவுவாளியை எட்டிப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று கேட்கிறார். கேட்கும்போதெல்லாம் நான் வாளியைப் பிடுங்கி ஒளித்து வைக்கிறேன். அதனால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு என் ஆசியைச் சொல். உன் வீட்டு அடுப்பு என்றும் நீலமாக எரியட்டும்.

இப்படிக்கு,
பல் போனாலும் பாசம் போகாத தம்பி

பி.கு: நீ வருகிறாய் என்றதும் மாமா பெட்டியைக் கட்டினார். பிறகு தொட்டியிடம் சொல்லிக்கொள்ளப் போனார். எதையாவது ஊற்றிவிடுவாரோ என்று பின்னாலேயே போனேன். தொட்டியைத் தடவிக்கொண்டு, "நேரத்துக்குச் சாப்பிடு. பத்தலைன்னா கூச்சப்படாம கேளு. பிள்ளைங்க வெளியூர் போனதிலேர்ந்து எங்க வீட்டுல 'போதும்'ங்கிறதைத் தவிர யாரும் ஒண்ணும் சொல்றதில்ல" என்றார். பெட்டியை நானே பிரித்து வைத்துவிட்டேன். அவரை அழைத்துப் போக நீ வர வேண்டாம். சும்மா வருவதாக இருந்தால், பசியோடு வா.