மஞ்சள் துணியில் சிவந்த பாதம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அன்றைக்குத் தங்கத்தைச் சும்மா கொடுக்கிறார்கள் என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு கூட்டம் வந்திருக்காது. கல்யாண மண்டபத்து வாசலில் தொடங்கிய வரிசை டீக்கடையைத் தாண்டி, மருந்துக்கடையைத் தாண்டி, பஸ் நிறுத்தம் வரைக்கும் போயிருந்தது. வரிசையில் பெற்றோர்கள். அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள். பிள்ளைகள் காலில் செருப்பில்லை, ஏனென்றால் உள்ளே பார்க்கப்போவது பாதம்.

வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு பேனர். 'தில்லையில் தூக்கிய திருவடி! கடலூரில் கணிக்கும் உங்கள் திருவடி! பாதஜோதி தேவநாதர்.' அடியில் பொடி எழுத்தில், 'ஸ்கேட்டிங், ஓட்டம், கால்பந்து. சர்வ மதத்தினரும் வரலாம்.'

ஊரில் இரண்டு வருஷமாக ஸ்கேட்டிங் ஜுரம். பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி மாநிலப் பதக்கம் வாங்கிப் பேப்பரில் போட்டோ வந்துவிட்டது. அந்தப் பெண் விடியற்காலையில் எழுந்து மழையிலும் வெயிலிலும் பயிற்சி செய்தாள் என்று அதே பேப்பரில் போட்டிருந்தது. அதை ஒருவரும் படிக்கவில்லை. அவள் பாதத்தைப் பார்த்தவர் தேவநாதர்தான் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை ஊரே படித்தது.

வரிசையில் நம்முடைய செந்தமிழ்செல்வனும் நின்றார். பேரைக் கேட்டாலே தெரியும், அவருடைய அப்பா கறுப்புச் சட்டைக்காரர். ஜாதகம் எழுதாமல், நல்ல நேரம் பார்க்காமல் வளர்த்த பிள்ளை. தனியார் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறார். மகளுக்கு அறிவுமதி என்று பேர் வைத்தவரும் அவர்தான். பேரில் வைத்ததெல்லாம் தலைக்குள் போய்விடுமா என்ன?

அன்றைக்கு நண்பர் ஜேக்கப்பின் காரை இரவல் வாங்கிக்கொண்டு, மனைவி சந்திரலேகாவையும் மகளையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

அவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அடுத்த மாதம் சிதம்பரத்தில் மாவட்டப் போட்டி. மகளுக்கு எந்த பூட்ஸ்? சக்கரம் வைத்த பூட்ஸில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று பொழுதுபோக்குக்கு ஓட்டுவது, உள்ளே மெத்து, கணுக்கால் வரைக்கும் பிடிமானம், மேலே பக்கிள். இன்னொன்று ரேஸ் பூட்ஸ். கல் மாதிரி இருக்கும், கணுக்காலுக்குக் கீழேயே முடிந்துவிடும், பாதம் உள்ளே அசையாது. காலின் அசைவெல்லாம் அப்படியே சக்கரத்துக்குப் போய்விடும்.

இந்தக் கேள்வியைப் பயிற்சியாளர் மேரி ஷாலினியிடம் ஏற்கெனவே கேட்டாயிற்று.

"எது நல்லதுன்னு கேக்காதீங்க சார். யாருக்குன்னு கேளுங்க. மதி ஓட்ட ஆரம்பிச்சு ஒரு வருசம்தான் ஆவுது. இப்போதைக்கு மெத்து பூட்ஸே போதும். நின்னா விரல் நுனி பூட்ஸோட முன்பக்கத்துல லேசா படணும், முழங்கால மடக்குனா விரல் பின்னால வரணும். வலிக்கக் கூடாது. அவ்ளோதான்."

அவ்வளவு சுலபமான பதிலை எப்படி நம்புவது? அதுவும் காசு வாங்காமல் சொன்ன பதில். செந்தமிழ்செல்வனுக்கு அது மனசில் ஒட்டவே இல்லை.

மேடையில் தேவநாதர் பட்டு வேட்டியும் ருத்திராட்சமுமாக உட்கார்ந்திருந்தார். ஊரார் பிள்ளைகளின் பாதத்தையெல்லாம் இறுக்கமான பூட்ஸுக்குள் திணிக்கச் சொல்பவர் தன் காலில் மெத்தென்ற பஞ்சுச் செருப்பு போட்டிருந்தார். எதிரில் மஞ்சள் துணி விரித்த பலகை. இந்தப் பக்கம் செம்புக் குடம், அந்தப் பக்கம் பித்தளைக் குடம். இரண்டிலும் தண்ணீர், இரண்டிலும் ஊறும் துண்டு. பக்கத்தில் மீசை வைத்த சீடர்.

பிள்ளை வந்து நின்றதும் தேவநாதர் கண்ணை மூடி "சுபம்" என்பார், இல்லாவிட்டால் "ஜெயம்" என்பார். மாதா படம் போட்ட சங்கிலி கழுத்தில் தெரிந்தால் கூடவே ஒரு "ஆமென்." சீடர் ஈரத் துண்டால் பாதத்தைத் துடைப்பார். பிள்ளை மஞ்சள் துணியில் ஏறி இறங்கும். வெறும் ஈரம்தான் தெரிந்தால் அது உல்லாசப் பாதம். பரிகாரம் செய்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். செக்கச்செவேல் என்று பாதம் பதிந்துவிட்டால் வேகப் பாதம். அதற்கு ரேஸ் பூட்ஸ், அதுவும் இரண்டு சைஸ் சின்னது. பக்கத்து அறையிலேயே கடை. கடைக்காரர் தேவநாதரின் சகலை.

இதில் ஒரு விசேஷம். காரில் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு முதல் தடவையே சிவந்தது. பைக்கில் வந்தவர்களுக்கு இரண்டாம் தடவை சிவந்தது. டவுன் பஸ்ஸில் வந்தவர்களுக்குச் சிவக்கவே இல்லை. நவக்கிரகங்களும் வாசலில் நின்று வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகின்றன போலிருக்கிறது.

செந்தமிழ்செல்வன் கார் சாவியை விரலில் சுழற்றியபடி மேடை ஏறினார். "ஜெயம்" என்றார் தேவநாதர். அறிவுமதியின் பாதம் குங்குமமாகப் பதிந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"ரெண்டு சைஸ் சின்னதா சாமி? வலிக்காதா?" என்று கேட்டாள் சந்திரலேகா.

"வலிக்கணும் தாயே. வலிச்சாத்தான் தோஷம் எறங்குதுன்னு அர்த்தம்."

இதே செந்தமிழ்செல்வன்தான் மகளுக்குச் சட்டை எடுத்தால் அடுத்த தீபாவளிக்கும் ஆகட்டும் என்று தொளதொளவென்று எடுப்பவர். வளர்கிற பிள்ளை என்று செருப்பைக்கூட ஒரு விரல் பெரிதாக வாங்குபவர். அவர்தான் பக்கத்து அறைக்குப் போய், வளர்கிற பிள்ளைக்கு வளராத பூட்ஸை வாங்கிக்கொண்டு வந்தார்.

பதினொரு வயதுப் பெண்ணுக்கு அதற்குப் பிறகு தோஷம் தினமும் இறங்கியது. கட்டை விரல் நகம் கறுத்தது. குதிகாலில் கொப்புளம் உடைந்து சாக்ஸோடு ஒட்டிக்கொண்டது. முன்பெல்லாம் சாயங்காலமானால் பழைய மெத்து பூட்ஸை மாட்டிக்கொண்டு சில்வர் பீச் ரோட்டில் பறந்தவள், இப்போது பூட்ஸ் பையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சந்திரலேகா மகளின் காலுக்கு மருந்து போடும்போதெல்லாம் புருஷனைத் திட்டினாள். புருஷன் தேவநாதருக்கு போன் போட்டார். இன்னும் ஜாஸ்தி வலிக்கட்டும் என்று பதில் வந்தது.

ஒரு நாள் அறிவுமதி அழவில்லை. அமைதியாகச் சொன்னாள்.

"சிதம்பரத்துல மட்டும் ஓட்டறேம்பா. அப்பறம் எனக்கு ஸ்கேட்டிங்கே வேணாம்."

அழுதிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சந்திரலேகாவுக்கு. நேரே ஜேக்கப் வீட்டுக்குப் போய், கார் சாவி, இரண்டு குடம், மஞ்சள் துணி என்று பார்த்த எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

ஜேக்கப் செல்போன் கடை வைத்திருப்பவர். செந்தமிழ்செல்வனுக்குக் கல்லூரி நாளிலிருந்தே கூட்டாளி. பல வருஷத்துக்கு முன்னால் நடந்த விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் மாட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுவார். பேண்ட் போட்டால் யாருக்கும் தெரியாது.

மறுநாள் ஜேக்கப் வந்து பவ்யமாக உட்கார்ந்தார்.

"மச்சான், அந்தச் சாமி சிதம்பரத்துக்கும் வராராமே. எனக்கும் ஒரு தடவ பாத்துடலாம்னு இருக்கேன்."

செந்தமிழ்செல்வனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "உனக்கே நம்பிக்க வந்துடுச்சு பாத்தியா."

"வராமயா மச்சான். இந்த வீட்டுப் புள்ளையோட கால பாத்துட்டுத்தான கேக்கறேன்" என்றார் ஜேக்கப். செந்தமிழ்செல்வனுக்கு அது உறைக்கவில்லை.

போட்டி நாளன்று சிதம்பரத்தில் மைதானத்து ஓரமாகவே ஷாமியானா போட்டு தேவநாதர் உட்கார்ந்துவிட்டார். போட்டி தொடங்குவதற்குள் கடைசி நேரத்துப் பாத தரிசனம். கூட்டத்தைக் கேட்கவேண்டுமா? அறிவுமதி ஒரு நாற்காலியில் ரேஸ் பூட்ஸோடு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சந்திரலேகாவின் கையில் இன்னொரு பை இருந்தது.

ஜேக்கப் கார் சாவியை நன்றாகத் தெரியும்படி பிடித்துக்கொண்டு மேடை ஏறினார். நாற்காலியில் உட்கார்ந்து, இடது கால் பேண்ட்டைக் கணுக்கால் வரைக்கும் மட்டும் ஏற்றிப் பாதத்தை நீட்டினார். தேவநாதர் சாவியைப் பார்த்தார், கண்ணை மூடினார்.

"ஜெயம்."

சீடர் செம்புக் குடத்துத் துண்டைப் பிழிந்து துடைத்தார். விடிந்ததிலிருந்து எத்தனை பாதம் துடைத்திருப்பார், இது சில்லென்று இருக்கிறதா கதகதப்பாக இருக்கிறதா என்றா பார்த்துக்கொண்டிருப்பார்? ஜேக்கப் பாதத்தை மஞ்சள் துணியில் வைத்து எடுத்தார். ரத்தச் சிவப்பு.

"வேகப் பாதம்" என்றார் தேவநாதர். "தாயின் கர்ப்பத்திலேயே உதைத்த பாதம். சின்ன வயசுல ஓடி விளையாடுன பாதம். வயசானதால ஸ்கேட்டிங் வேணாம்னு நெனைக்காதீங்க. இதுல ராஜயோகம் ஓடுது."

"சாமி, எந்த நட்சத்திரம்னு சொல்ல முடியுமா?"

"பாதத்தப் பாத்தாலே தெரியுதே. அஸ்வினி."

ஜேக்கப் குனிந்தார். பேண்ட்டை முழங்காலுக்கு மேலே ஏற்றி, பட்டையைத் தளர்த்தி, காலைக் கழற்றி தேவநாதரின் மடியில் வைத்தார்.

"அப்பிடியா சாமி. இது ஃபேக்டரில செஞ்சது. எந்தத் தாயோட கர்ப்பம்னு கம்பெனிக்கு போன் போட்டுத்தான் கேக்கணும்."

தேவநாதர் காலைப் பார்த்தார். கால் தேவநாதரைப் பார்க்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரிக்க, சிரிப்பு ஷாமியானா முழுக்கப் பரவியது.

ஆனால் தேவநாதர் லேசுப்பட்ட ஆளா? தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "கல்லுக்குள்ளயே கடவுள் இருக்கும்போது ரப்பருக்குள்ள இருக்க மாட்டாரா?"

கூட்டத்தில் பாதிப் பேர் 'அதானே' என்று தலையாட்டினார்கள். ஆட்டுவதற்குத் தோதாகத்தானே தலையைக் கழுத்தின் மேலே வைத்திருக்கிறது.

"சரி சாமி" என்றார் ஜேக்கப். "அந்தக் காலையே இன்னொரு தடவ தொடைங்க. இப்ப அந்தப் பித்தளக் கொடத்துத் துண்டால."

சீடர் தேவநாதரைப் பார்த்தார். தேவநாதர் தூணைப் பார்த்தார். முதல் வரிசையில் பேரப்பிள்ளையோடு உட்கார்ந்திருந்த தில்லையம்மாள் எழுந்து மேடை ஏறினாள். பித்தளைக் குடத்துத் துண்டை எடுத்து அந்தக் காலை அழுத்தித் துடைத்து மஞ்சள் துணியில் வேறு இடத்தில் வைத்தாள். வெறும் ஈரம். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. அப்புறம் செம்புக் குடத்துக்குள் விரலை விட்டு, எடுத்து, முகர்ந்து பார்த்தாள். அந்த விரலால் துணியில் ஒரு கோடு இழுத்தாள். சிவப்புக் கோடு.

"அட கண்றாவியே. சுண்ணாம்புத் தண்ணி. மஞ்சத் துணில சுண்ணாம்பு பட்டா செவக்காம என்னா செய்யும்? போன வாரம்தான் என் பேத்திக்கு இத கரைச்சு ஆலம் சுத்துனேன். நானும் கையக் கூப்பிக்கினு ஒக்காந்திருந்தனே."

ஷாமியானாவுக்குள் இருந்த அத்தனை பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆலம் கரைக்காத வீடு ஏது? பெண் சமைந்தால் ஆலம், கல்யாணமானால் ஆலம், குழந்தை பிறந்தால் ஆலம். தட்டில் கரைத்தால் மஞ்சளும் சுண்ணாம்பும். மேடையில் கரைத்தால் ராஜயோகம். தேவநாதர் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் வீட்டு வித்தையை அவர்களுக்கே விற்றிருக்கிறார், அவ்வளவுதான்.

செந்தமிழ்செல்வனுக்கு உடம்பெல்லாம் கூசியது. வருஷா வருஷம் ஏழாம் வகுப்பில் மஞ்சள் தாளில் சுண்ணாம்பு நீரைச் சொட்டி, 'காரம் பட்டால் சிவக்கும், எழுதிக்கொள்ளுங்கள்' என்று சொல்பவர் அவர். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். வாத்தியார் எழுதிக்கொள்ளவில்லை.

ஷாமியானா ஓரத்தில் போட்டிருந்த பூட்ஸ் கடையைச் சகலை அவசரமாக மூட்டை கட்டினார். ஆனால் பெற்றோர்கள் அதற்குள் அங்கே போய் நின்றுவிட்டார்கள். சீடர் தன் மீசையைக் கையால் மறைத்துக்கொண்டு நழுவினார். தேவநாதர் எழுந்து ஓடப் பார்த்தார். பஞ்சுச் செருப்பு ஈரத்தில் வழுக்கி, செம்புக் குடம் கவிழ்ந்து, மஞ்சள் துணியில் குப்புற விழுந்தார். பட்டு வேட்டியும் தொப்பையும் செக்கச்செவேல் என்று பதிந்தன. அவருக்கும் வேக யோகம்தான் என்று யாரோ சொன்னார்கள். போலீஸ் வரும்வரைக்கும் அந்த வேகத்தைச் சிலர் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

மைக்கில் அறிவுமதியின் பிரிவைக் கூப்பிட்டார்கள். செந்தமிழ்செல்வன் அப்போதுதான் மகளைத் திரும்பிப் பார்த்தார். போய் மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்தார். ரேஸ் பூட்ஸின் லேஸை அவிழ்க்க அவிழ்க்க, சாக்ஸில் காய்ந்த ரத்தம் தெரிந்தது. அது மஞ்சளும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை.

"வலிக்குதாம்மா?" என்று கேட்டார்.

அறிவுமதி அப்பாவை ஆச்சரியமாகப் பார்த்தாள். "ஆமாம்பா. மொத நாள்லேந்தே."

சந்திரலேகா பையிலிருந்து பழைய மெத்து பூட்ஸை எடுத்துக் கொடுத்தாள். மேரி ஷாலினி புண்ணில் பஞ்சு வைத்துக் கட்டிவிட்டாள். அறிவுமதி எழுந்து நின்று முழங்காலை மடக்கிப் பார்த்தாள். விரல் பின்னால் வந்தது.

பதக்கம் வாங்கவில்லை. கடைசிக்கு முந்தின இடம். வளைவில் ஒருத்தியை முந்தியபோது அவள் சிரித்த சிரிப்பு மைதானத்துக்கு இந்தப் பக்கம் வரைக்கும் தெரிந்தது. வந்து மூச்சு வாங்க நின்றவள், "நாளைக்குப் பிராக்டீஸ் எத்தன மணிக்கு மிஸ்?" என்று கேட்டாள்.

செந்தமிழ்செல்வன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு சின்னப் பெண்ணின் கால் வலிக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள கடலூரும் சிதம்பரமும் அலைந்து, கிரகத்தைக் கேட்டு, குடத்தைக் கேட்டு, துணியைக் கேட்டாயிற்று. அந்தக் காலுக்குச் சொந்தக்காரி வாயோடும் அறிவோடும் அதே வீட்டில்தான் இருந்தாள். உங்கள் வீட்டிலும் ஒருத்தி இருப்பாள்; வரிசையில் போய் நிற்பதற்கு முன்னால் அவளை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.